இருநூறு சுற்று

பத்துக் கிலோமீட்டர் என்றால் எவ்வளவு தூரம்? கேள்வி அசட்டுத்தனமாகத் தோன்றும். பத்தாயிரம் மீட்டர், அவ்வளவுதானே. ஆனால் ஓடுகிறவர்கள் நாலு பேரை ஒரே சாலையில் ஒன்றாக ஓடவிட்டு, கடைசியில் கையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒருத்தர் வாட்ச்சில் 10.08 இருக்கும், இன்னொருத்தருக்கு 10.21, மூன்றாமவருக்கு 9.94. நாலாவது ஆள் தன்னுடையதுதான் சரி என்று சத்தியம் செய்வார். சாலை ஒன்றுதான், தூரம் மட்டும் நாலு.

எனக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி வந்து சேர்ந்தது. நான் காயல்பட்டினத்துக்காரி. ஓடுவது எங்கள் வீட்டு மொட்டைமாடியில். மச்சான் இருப்பது ஹாங்காங்கில், காயல்காரர்கள் பலரையும் போல. கல்யாணத்துக்குப் பிறகு பெண் தாய்வீட்டிலேயே இருப்பது எங்கள் ஊர் வழக்கம். வீடு பெண்ணுக்கு, கடல் ஆணுக்கு என்று உம்மம்மா சொல்வார். இப்போது கடலுக்குப் பதில் ஏர்போர்ட். இரண்டு வருஷம் முன்னால் ஊருக்கு வந்தபோது மச்சான் ஒரே மாதிரி இரண்டு வாட்ச் வாங்கி வந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. "நீயும் ஓடு, நானும் ஓடுறேன். ராத்திரி கணக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

ஏன் மாடி என்று கேட்பீர்கள். தெருவில் ஓடக்கூடாதென்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமே வராதபடி ஊர் கட்டப்பட்டிருக்கிறது. எங்கள் வீடுகள் நீளமானவை. முன்வாசல் தெருவில் திறக்கும், பின்வாசல் முடுக்கில் திறக்கும். முடுக்கு பெண்கள் போய்வரும் சந்து. பக்கத்து வீட்டு மாமியைப் பார்க்க, கல்யாண வீட்டுக்குப் போக, சஹன் சோறு கொண்டுபோய்க் கொடுக்க, எல்லாம் அந்த வழிதான். விடிகாலைத் தெருவில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஆண்கள் திரும்பிக்கொண்டிருப்பார்கள். நடுவில் பச்சை ஷூவோடு நான் ஓடினால் யாரும் திட்டப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானத்துக்குள் அந்தச் செய்தி உம்மாவிடம் ஏழு விதமாக வந்து சேரும். அந்த ஏழுக்கும் உம்மா பதில் சொல்லவேண்டாமே என்றுதான் மாடி.

மாடியில் குறையே இல்லை. கிழக்கே கடல், மேலே முழு வானம், காற்றுக்குப் பஞ்சமில்லை. சாட்டிலைட் சிக்னலுக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது என்று நினைத்தேன். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டுப் பார்த்தால் வாட்ச் 5.9 கிலோமீட்டர் என்றது. வரைபடத்தில் எங்கள் வீட்டுக்கு மேல் யாரோ நூல்கண்டைக் கசக்கிப் போட்டது மாதிரி ஒரு முடிச்சு. இரண்டு சுற்று பக்கத்து வீட்டுக்குள் போயிருந்தது.

மறுநாள் உம்மாவோடு முடுக்கு வழியாகப் பெரியம்மா வீட்டுக்கு நடந்தேன். வாட்ச் 790 மீட்டர் காட்டியது. சந்தேகம் வந்து, காக்கா மகனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதே வழியில் போனேன். சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. கோடு தரையைத் தொடும்போதெல்லாம் அவன் சத்தமாக எண்ணினான். ஒரு சுற்று 2.07 மீட்டர், மொத்தம் 309 சுற்று. ஏறக்குறைய 640 மீட்டர்.

ஆக, வானம் முழுசாகத் தெரிகிற இடத்தில் வாட்ச் குறைத்துச் சொல்கிறது. வானம் ஒரு கீற்றாகத் தெரிகிற இடத்தில் கூட்டிச் சொல்கிறது. கணக்கு படித்தவளுக்கு இதற்குமேல் தூக்கம் வருமா?

தூரத்தை வாட்ச் நேராக அளப்பதில்லை. அது அளப்பது நேரத்தை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரத்தைச் சுமந்துகொண்டு நாளைக்கு இரண்டு தடவை பூமியைச் சுற்றுகின்றன. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதுதான் அவற்றின் வேலை. அந்தக் குரல் நம் கைக்கு வர ஒரு வினாடியில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்து எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று கணக்கிடலாம். நாலு சாட்டிலைட் கேட்டால் போதும், இருக்கும் இடம் தெரிந்துவிடும். மூன்று இடத்துக்கு, நாலாவது வாட்ச்சின் சொந்தக் கடிகாரம் எவ்வளவு தப்பாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்க.

ஒளி ஒரு வினாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியென்றால் நூறு கோடியில் ஒரு பங்கு வினாடி பிசகினால் 30 சென்டிமீட்டர் பிசகும். மேலே இருக்கும் கடிகாரங்கள் ஐன்ஸ்டைன் சொன்னபடி தரையிலுள்ளவற்றைவிட நாளைக்கு 38 மைக்ரோவினாடி வேகமாக ஓடுகின்றன. அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். காயல்பட்டினத்தில் இருக்கிறவளைத் திருச்செந்தூருக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இவ்வளவு நுட்பமான குரல் முடுக்குக்குள் எப்படி வரும்? இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர். நேராக வரவேண்டிய சிக்னல் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. வந்த வழி நீளம், அதனால் சாட்டிலைட் உண்மையில் இருப்பதைவிட இன்னும் தூரத்தில் இருப்பதாக வாட்ச் நம்புகிறது. நம்மைத் தூக்கி இரண்டு வீடு தள்ளிப் போடுகிறது. அடுத்த வினாடி வேறு சுவர், வேறு எதிரொலி, வேறு வீடு. நான் நேராக நடக்க, என் புள்ளி பாம்பு மாதிரி நெளிகிறது. நெளிந்த கோட்டை நீட்டினால் நீளம் கூடத்தானே செய்யும்?

மச்சானுக்கும் இதே வியாதி, பெரிய அளவில். அவர் ஓடுவது சிம் ஷா சுயி பக்கம், கவுலூன் பள்ளிவாசல் இருக்கும் நாதன் ரோட்டிலிருந்து கடலோர நடைபாதைக்கு. அடுக்குமாடிக் காட்டுக்கு நடுவில் ஜிபிஎஸ் தடுமாறுவதை ஆராய்ச்சி செய்வதற்கென்றே ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருநாள் அவருடைய பாதை விக்டோரியா துறைமுகத் தண்ணீருக்குள் இறங்கி, கொஞ்சம் ஓடி, மறுபடி கரையேறியிருந்தது. "எங்க வாப்பா கப்பல்ல போனாங்க, நான் ஓடியே போறேன்" என்று வாய்ஸ் அனுப்பினார்.

இதற்கு மருந்து வந்திருக்கிறது. பழைய வாட்ச்கள் எல்1 என்ற ஒரே அலைவரிசையைத்தான் கேட்கும். 2022ல் வந்த ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா போன்றவை எல்5 என்ற இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கின்றன. எல்5 அலையில் வரும் குறியீடு பத்து மடங்கு வேகமாக மாறுவதால், நேராக வந்த குரல் எது, சுவரில் பட்டு வந்தது எது என்று பிரித்துப் பார்ப்பது எளிது. முடுக்குக்கு அது உதவும். ஆனால் என் மாடிக்கு அல்ல.

மாடியில் சிக்கல் வேறு. அங்கே எதிரொலி குறைவு. ஆனால் வாட்ச்சுக்குள் ஒரு வடிகட்டி வேலை செய்கிறது. வருகிற புள்ளிகள் எப்போதும் கொஞ்சம் ஆடும் என்று அதற்குத் தெரியும். அதனால், இந்த மனுஷி இந்த வேகத்தில் இந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறாள், அடுத்த வினாடியும் ஏறக்குறைய அப்படியே போவாள் என்று அனுமானித்துக்கொண்டு ஆட்டத்தை நீவிவிடுகிறது. நீளமான சாலையில் அது அருமையான அனுமானம். என் மாடியின் நீளம் 24 மீட்டர், அகலம் 7. சில வினாடிக்கு ஒரு திருப்பம். நான் திரும்பியதை நம்பி வாட்ச் திரும்புவதற்குள் நான் அடுத்த மூலையில் இருப்பேன். அது மூலைகளை வெட்டி, என் செவ்வகத்தை ஒரு சின்ன முட்டையாக ஆக்கிவிடுகிறது.

திறந்த வெளியில் ஓரிரு மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை பிழை என்பது பெரிய சாதனைதான். நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒருத்தியின் மைதானமே ஏழு மீட்டர் அகலம் என்றால், அந்தப் பிழை அவள் உலகத்தில் பாதி.

நேராக ஓடினால் கூடுவது ஏன் என்பதற்கும் ஒரு சின்னச் சோதனை செய்தேன். 2024 மார்ச்சில் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு வாட்ச்சைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, ஓட்டத்தைத் தொடங்கிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், அசையாத வாட்ச் 210 மீட்டர் நடந்திருந்தது. இரண்டு மீட்டர் கிழக்கே தவறி, பிறகு இரண்டு மீட்டர் மேற்கே தவறினால் இடம் என்னவோ பழைய இடம்தான். ஆனால் தூரம் நாலு மீட்டர். தூரத்துக்குக் கூட்டல் மட்டும்தான் உண்டு, கழித்தல் கிடையாது.

சாயங்கால நேரத்தில் ஆட்டம் கூடுவதற்கு எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு காரணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழ்நாட்டுக்கு மிக அருகில் போகிறது. 1963 நவம்பர் 21ல் இந்தியாவின் முதல் ராக்கெட்டை ஏவ திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் இதற்காகவே. பகலில் வெயில் மேல்வளிமண்டலத்தின் அணுக்களை உடைத்து மின்னூட்டம் ஏற்றுகிறது. அந்த அடுக்கைக் கடக்கும்போது சிக்னல் தாமதமாகிறது. காந்த நடுக்கோட்டுப் பகுதியில் பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மேலே எழும்பி, கொதிக்கிற பாலில் குமிழி கிளம்புவது போலக் குமிழிகள் விடும். அதன் வழியே வரும் சிக்னல் நட்சத்திரம் மாதிரி மினுங்கும், சில நேரம் அறுந்தும் போகும். சூரியன் கொந்தளிக்கிற வருஷங்களில், மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் இது அதிகம். 2024 அப்படிப்பட்ட வருஷம். மழை இல்லை, மேகம் இல்லை, தெளிந்த வானம். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கடல் அங்கே அலையடித்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் படிக்கப் படிக்க, இந்தக் குரலை நமக்குக் கேட்கவிட்டதே பெரிய கதை என்று புரிந்தது. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983ல் வழிதவறிய கொரிய விமானத்தை சோவியத் சுட்டு 269 பேர் இறந்த பிறகுதான் பொதுமக்களுக்கும் தருவோம் என்று ரீகன் அரசு அறிவித்தது. அப்போதும் வேண்டுமென்றே பிழை கலந்துதான் தந்தார்கள், நூறு மீட்டர் வரைக்கும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மூன்று வருஷத்தில் ஓட்டக்காரர்களுக்கான கார்மின் ஃபோர்ரன்னர் கைக்கு வந்துவிட்டது. ஒருவன் நினைத்தால் திறக்கிற, நினைத்தால் மூடுகிற குழாய் இது என்பது கார்கில் போரின்போது இந்தியாவுக்கு உறைத்தது என்பார்கள். அதன் பிறகு இஸ்ரோ நாவிக் என்ற சொந்த அமைப்பைக் கட்டத் தொடங்கி, 2013 ஜூலையில் முதல் சாட்டிலைட்டை ஏவியது. பிறகு மேலே போன இறக்குமதி அணுக்கடிகாரங்கள் சில நின்றுபோயின. 2023 மே மாதம் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரத்தோடு என்விஎஸ் 01 போனது. 2025 ஜனவரியில் போன அடுத்தது போகவேண்டிய பாதையை எட்டவில்லை. இடம் சொல்வது அவ்வளவு லேசான வேலை இல்லை.

எங்கள் முன்னோர் அதை ஒரு பலகையும் கயிறும் வைத்துச் செய்தார்கள். அரபு மாலுமிகள் கமால் என்பார்கள், சோழமண்டலக் கரையில் அதற்கு இராப்பலகை என்று பெயர். 1850ல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி அதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். கயிற்றின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடும்படி பிடிக்கவேண்டும். கயிற்றில் துறைமுகத்துக்கு ஒரு முடிச்சு. காயல்பட்டினத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எட்டரை டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. அரை டிகிரி தவறினால் 55 கிலோமீட்டர் தவறும். ஆனால் கரையை நெருங்கிவிட்டால் மற்றதைக் கண்ணும் நீரின் நிறமும் சொல்லும். கருவி எதுவரை சொல்லும், எங்கிருந்து நாம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. போன வருஷம் இணையவழி ஓட்டப் போட்டி ஒன்றுக்குப் பணம் கட்டினேன். எங்கே வேண்டுமானாலும் 10 கிலோமீட்டர் ஓடலாம், முடித்தால் மெடல் வீட்டுக்கு வரும். பெண்கள் நிறையப் பேர் சேரவேண்டும் என்பதற்காகவே நடத்துவதாகச் சொன்னார்கள். எனக்கென்றே செய்தது போலிருந்தது.

அதற்காக மாடியை அளந்தேன். வீடு கட்டிக் கொடுக்கும் மாமாவிடமிருந்து 30 மீட்டர் எஃகு டேப் வாங்கினேன். நாலு மூலைக்கும் நாலு தொட்டி: இரண்டில் ரம்பை, ஒன்றில் கற்றாழை, ஒன்றில் மருதாணி. தொட்டிகளின் வெளிப்புறத்தைச் சுற்றிக் கயிறு இழுத்தால் நீளம் 20, அகலம் 5, மொத்தம் 50 மீட்டர். சாலைப் போட்டிகளை அளக்கிறவர்கள் தூரம் குறைந்துவிடக்கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டி வைப்பார்கள். நானும் நீளவாக்கில் இரண்டரை சென்டிமீட்டர் கூட்டினேன். கயிற்றுக்கு வெளியேதான் ஓடமுடியும், அதனால் சுற்றுக்கு 50 மீட்டருக்கு ஒருபோதும் குறையாது. 200 சுற்று, பத்துக் கிலோமீட்டர்.

எண்ணுவதற்கு விரலில் மாட்டும் தஸ்பீஹ் கவுண்டர். உம்மம்மா அதை நோம்பு நேரத்தில் எனக்கு வாங்கித் தந்தது வேறு விஷயத்துக்கு. ஓடும்போது அதைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ளே ஓதுறா?" என்று கேட்டார். சுற்று எண்ணுகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு சுப்ஹானல்லாஹ் சொல்லு. ரெண்டும் ஆச்சு" என்றார்.

1 மணி 12 நிமிஷத்தில் 200 வந்தது. வாட்ச்சில் 7.1.

மெடல் வரவில்லை, மெயில் வந்தது. பாதை தெளிவாக இல்லை, தூரம் முழுமையாகவில்லை, எனவே ஏற்க இயலாது. டேப், தொட்டி, கயிறு, எண்ணிக்கை எல்லாவற்றையும் படத்தோடு எழுதி அனுப்பினேன். ஜிபிஎஸ் பதிவு மட்டுமே செல்லும் என்று ஒரு வரியில் பதில்.

கோபத்தைவிட எனக்கு வேடிக்கைதான் அதிகம். ஏனென்றால் உலகத் தடகளக் கூட்டமைப்பு அங்கீகரிக்கும் சாலை ஓட்டப் பாதைகளை ஜிபிஎஸ்ஸால் அளப்பதில்லை. சைக்கிளால் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற பற்சக்கர எண்ணியை மாட்டி, எஃகு டேப்பால் அளந்து வைத்த நேர்கோட்டில் முதலில் ஓட்டிப் பார்த்து, பிறகு பந்தயப் பாதையின் மிகக் குறுகிய தடத்தில், வளைவின் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டுகிறார்கள். டேப் வெயிலில் நீளும் என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு. நானும் போட்டுப் பார்த்தேன். 20 டிகிரிக்குச் செய்த டேப் எங்கள் ஊர் 35 டிகிரியில் 50 மீட்டருக்கு 9 மில்லிமீட்டர் நீளும். 200 சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டர். அதாவது நான் அவ்வளவு கூடுதலாகவே ஓடியிருக்கிறேன். மாரத்தானில் வாட்ச் 42.195க்குப் பதில் 42.6 காட்டினால், பாதை நீளம் என்று அமைப்பாளரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கூடிய அந்த 400 மீட்டர், ஆடும் புள்ளிகளும் வளைவில் அகன்று ஓடியதும் சேர்ந்து வந்தது.

வாட்ச்மேல் எனக்கு வருத்தமில்லை. அது தன் நிழல் எவ்வளவு அகலம் என்று மறைப்பதில்லை, வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். வருத்தம் என்னவென்றால், சாலை இருக்கிறவர்களுக்காகச் செய்த அளவுகோல், சாலை இல்லாதவர்களிடம் வரும்போது அளவுகோலாக இல்லாமல் வாசற்கதவாகிவிடுகிறது. பெண்களுக்காக நடத்துகிற போட்டியில், பெண்கள் எங்கே ஓடுவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. மாடியில், வீட்டுக்குள், ஹாஸ்டல் வராந்தாவில், காம்பவுண்டுக்குள் சுற்றுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கால் ஓடுகிறது, வேர்வை வருகிறது, மூச்சு வாங்குகிறது. புள்ளி மட்டும் நகரவில்லை.

இதை மச்சானிடம் சொன்னபோது, "கடற்கரை ரோட்டுல ஒரு தடவை ஓடிக் காட்டிரேன். நான் ஊருக்கு வந்ததும் கூட வர்றேன்" என்றார். வரட்டும், ஓடலாம். இஸ்ரோ குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். அங்கிருந்து சின்ன ராக்கெட்டுகள் கிளம்பும்போது மாடியிலிருந்தே பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தப் பத்தை இன்னொரு இடத்தில் ஓடி நிரூபிக்கவேண்டியதில்லை. அது ஏற்கெனவே பத்துதான்.

இப்போது ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ஓடுகிறேன். உள்ளரங்கு முறையில் வைத்தால் கைவீச்சை வைத்து வாட்ச் ஒரு கணக்குச் சொல்லும், அதில் 9.6 வரும். பரவாயில்லை. நேரத்துக்கும் இதயத்துடிப்புக்கும் வாட்ச், தூரத்துக்குக் கயிறும் கவுண்டரும். நோட்டில் தேதி, சுற்று, நேரம் என்று மூன்றே பத்தி.

போன மாதம் மேற்கு வீட்டு ராத்தா கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "எங்க மாடி எத்தனை சுத்து வரும்?" என்று கேட்டார். டேப்பைச் சுவர் வழியாக நீட்டினேன். அவர்களுக்கு 44 மீட்டர். ஐந்து கிலோமீட்டருக்கு 114 சுற்று, 16 மீட்டர் கூடும். அடுத்து பின்முடுக்கு மாமியின் மகள் கேட்டிருக்கிறாள். அவர்கள் மாடி எல் வடிவம், நடுவில் தண்ணீர்த் தொட்டி வேறு. ஆறு மூலை, ஆறு செடி வேண்டும். ரம்பையில் ஒரு கன்று பிரித்து வைத்திருக்கிறேன்.